வரிசையில் நின்ற எச்சரிக்கை

உடம்பில் ஒட்டுத் துணியில்லாமல் துப்பறிவது எப்படி என்று எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை. கிவிலைத் தீவு விருந்தினர் விடுதியின் சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையில், மேல் படியில் உட்கார்ந்து இட்லி மாதிரி வெந்துகொண்டிருந்த பிரீத், அந்தக் குறையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தான்.

"அந்த ராய்வோ வாயைத் திறக்கிற ஒரே இடம் சவுனாதான். ஆம்பளைங்க முறையில நான் உள்ளே போக முடியாது. நீ போ" என்று ஹில்யா வாரிக் அவனைத் தள்ளிவிட்டிருந்தாள். ஹில்யா துப்பறிபவள். ஐம்பத்திரண்டு வயது. பிரீத் அவளுடைய உதவியாளன். வெந்நீரில் குளிக்கக்கூட யோசிக்கிறவன்.

கீழ்ப் படியில் உட்கார்ந்திருந்த ராய்வோ உஸ்குலா கரண்டியால் தண்ணீரை மொண்டு சூடான கற்கள் மேல் ஊற்றினான். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. ராய்வோ எஸ்தோனியத் தலைநகர் தாலின்காரன். நாட்டின் ஆஸ்பத்திரிகளுக்கு இடையே நோயாளிகளின் கோப்புகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இணைய வழியை அமைத்துக் கொடுக்கிற நிறுவனத்தின் முதலாளி. கிவிலைத் தீவு ஆஸ்பத்திரிக்கும் அவன்தான் அமைத்தான். நாளைக் காலை அதற்கு விழா. விழா நல்லபடியாக முடிந்தால் நாடு முழுவதும் அவன் கைக்கு வந்துவிடும்.

"அந்த மீனவன் அஹ்தி செத்துப்போனது வருத்தம்தான்" என்றான் ராய்வோ, வருத்தம் துளியும் இல்லாத குரலில். "ஆனா என் லைன் மேல பழி போடாதீங்க. அரை வினாடி! அரை வினாடியில அந்த மனுஷனோட கோப்பு ஆஸ்பத்திரித் திரைக்கு வந்துடுச்சு. பென்சிலின் ஆகாதுன்னு அதுல இருக்கு. அந்தச் சின்ன டாக்டர் பாக்கலை. குத்திட்டான். பாக்காத கண்ணுக்கு நான் என்ன தம்பி பண்ணுவேன்?"

"கண்ணாடி வாங்கித் தரலாம் சார்."

ராய்வோ சிரித்தான். "நீ தமாஷான ஆளு. நல்லாக் கேட்டுக்க. இனிமே இந்த நாட்டுல யாரும் ஒரு சீட்டுக்கூடச் சுமக்க வேண்டாம். ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். நீ மயங்கி விழு, உன் கோப்பு உனக்கு முன்னால ஆஸ்பத்திரியில போய் நிக்கும்."

"இப்பவே விழுந்துடுவேன் போலிருக்கு சார்" என்று பிரீத் எழுந்து வெளியே ஓடினான். அது பாதி நடிப்பு, பாதி நிஜம்.

உடை மாற்றும் அறையில் மூச்சு வாங்கிக்கொண்டு துண்டைத் தேடியபோதுதான் அதைப் பார்த்தான். சவுனாவுக்குள் உலோகத்தோடு போனால் தோல் வெந்துவிடும். அதனால் மோதிரம், சங்கிலி எல்லாவற்றையும் வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் எவனும் போவான். ராய்வோவின் கொக்கியில், சட்டைக்குக் கீழே ஒரு வெள்ளிச் சங்கிலி தொங்கியது. அதன் நுனியில் ஒரு தகடு. பிரீத் ஒரு விரலால் அதைத் திருப்பினான்.

முன்பக்கம் பெயர், இரத்த வகை. அதற்குக் கீழே பெரிய எழுத்தில், 'பென்சிலின் ஆகாது'. பின்பக்கம் ஓரத்தில் கடுகளவு ஒரு கடல்நாய் முத்திரை.

பிரீத்துக்கு வேர்த்தது. இந்தத் தடவை சவுனாவால் அல்ல.

ஹில்யா காரில் உட்கார்ந்து சாக்லேட் பூசிய தயிர்க்கட்டி ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவன் மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கும்வரை மென்றுகொண்டே இருந்தாள்.

"உடம்புக்கு ஆகாததைக் கழுத்துல எழுதி மாட்டிக்கிறது குத்தமா மேடம்? குடை விக்கிறவன் குடை பிடிக்கக் கூடாதா?" என்றான் பிரீத் கடைசியில்.

"பிடிக்கலாம். ஆனா இவன் குடை விக்கலையே. இனிமே மழையே பெய்யாதுன்னு வித்துக்கிட்டிருக்கான். அவன் சட்டைக்குள்ள குடை இருந்தா, எனக்கு வானத்தைப் பாக்கணும்."

"எப்படிப் பாக்குறது?"

"அந்தத் தகடு எப்போ அடிச்சதுன்னு தெரியணும். அஹ்தி செத்ததுக்கப்புறம்னா, பயந்துட்டான்னு விட்டுடலாம். முன்னாடின்னா..." காகிதத்தைக் கசக்கினாள். "முன்னாடின்னா அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கான். கடல்நாய் முத்திரை யாரோடது?"

அதற்குத் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. விடுதிக்கார அம்மாவின் பூனை கழுத்தில் தொங்கிய தகட்டிலேயே அதே கடல்நாய் இருந்தது.

"வெல்லோ அடிச்சது" என்றாள் அந்த அம்மா. "தீவுல எந்தத் தகடு வேணும்னாலும் வெல்லோதான். படகுப் பேரு, வீட்டு நம்பர், கல்லறை, எல்லாம்."

வெல்லோவின் பட்டறை அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தது. இருவரும் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். பிரீத்தின் காலுறையில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. வெல்லோ அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைக் காட்டினார். மூன்று வார்த்தை பேசினால் நாலாவதற்கு மூச்சு வாங்குகிற ரகம் அவர்.

"ராய்வோ உஸ்குலாவுக்குத் தகடு அடிச்சுக் கொடுத்தீங்களா ஐயா?" ஹில்யா நேராகக் கேட்டாள்.

"ஆமா."

"எப்போ?"

வெல்லோ ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். "கடல் உறைஞ்சு ஐஸ் ரோடு இருந்துச்சு. காரை அது மேலயே ஓட்டிட்டு வந்தான். பனி உடையறதுக்குள்ள திரும்பணும், சீக்கிரம் பண்ணுன்னான்."

பிரீத் ஹில்யாவைப் பார்த்தான். ஹில்யா அவனைப் பார்க்கவில்லை. அஹ்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது படகில். பனி உடைந்து, புயல் அடித்து, வலை போடப் போன இடத்தில் கை கிழிந்து, சீழ் வைத்து, சுயநினைவில்லாமல் கொண்டுவந்தார்கள். கடல் உறைந்திருந்தபோது அஹ்தி உயிரோடு இருந்தான்.

"அப்போ அவன் இங்கே எதுக்கு வந்திருந்தான்?" என்றாள் ஹில்யா.

"ஆஸ்பத்திரியில லைன் சோதனை. அன்னிக்குப் பலத்த காத்து. மத்தியானம் போனான். சாயங்காலம் இங்கே வந்தான். மூஞ்சி வெள்ளையா இருந்துச்சு."

"ஒரு தகடா ஐயா?" பிரீத் சும்மா கேட்டு வைத்தான். நாக்கு அரிப்பு.

"இல்லை. வீட்டுக்கே." வெல்லோ விரல்விட ஆரம்பித்தார். "அவனுக்கு. பொண்டாட்டிக்கு, சர்க்கரை வியாதி. ரெண்டு பொண்ணுங்களுக்கு. மாப்பிள்ளைக்கு, இரத்தம் உறையாத மாத்திரை. பேரனுக்கு, வேர்க்கடலை ஆகாது." கொஞ்சம் நிறுத்தினார். "நாய்க்கு. இதய நோய்."

பிரீத்தும் தன் விரல்களில் எண்ணிப் பார்த்தான், ஏழு. 

"ஐயா, அஹ்தியோட பொண்டாட்டி மாய்மு அம்மா ஞாயிறு தோறும் இந்த வாசல் வழியாத்தான் கல்லறைக்குப் போறாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றாள் ஹில்யா.

வெல்லோ உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "யாரும் கேக்கலையே" என்றார்.

இந்தத் தீவில் அது பொய்யும் அல்ல, மறைப்பும் அல்ல. ஒருவர் விஷயத்தில் இன்னொருவர் மூக்கை நுழைக்காமல் இருப்பதை மரியாதை என்று நினைக்கிறவர்கள். ராய்வோ அதை நம்பித்தான் தாலினில் இருக்கும் நூறு கடைகளை விட்டுவிட்டு இங்கே வந்தான். தாலினில் அடித்திருந்தால் கடைக்காரன் சிரித்திருப்பான், யாரிடமாவது சொல்லியிருப்பான். இங்கே சொல்லமாட்டார்கள் என்பது அவன் கணக்கு. கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்பதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

மாய்மு சராபிக், அஹ்தியின் மனைவி, மீனைப் புகையில் வாட்டும் கூண்டின் முன்னால் தட்டை மீன்களைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தாள். இந்த வழக்கை ஹில்யாவிடம் கொடுத்தவள் அவள்தான். கொடுக்கும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. டாக்டர் ஆர்தோ லெப்மெட்ஸ் உள்ளே போக வேண்டும். அவன் டாக்டராகவே இருக்கக் கூடாது. ஆர்தோ 'திரையில் எச்சரிக்கையே இல்லை' என்று எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தான். அரை வினாடியில் போய்ச் சேர்ந்தது என்று லைனின் நேரத்தை அளக்கும் கருவி சொன்னது. மனிதன் சொன்னதை விட்டுவிட்டுக் கருவி சொன்னதை நம்பினார்கள். ஆர்தோ வேலையிலிருந்து நிறுத்தப்பட்டான். தீவில் யாரும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. மாய்மு மட்டும் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் துப்புவாள்.

"பேரைச் சொல்லத்தானே வந்தீங்க? சொல்லுங்க. அந்த டாக்டர் பேரை உங்க வாயால கேக்கணும்" என்றாள்.

"டாக்டர் இல்லம்மா."

மாய்முவின் கை நின்றது.

ஹில்யா புகைக்கூண்டுத் திண்டில் உட்கார்ந்தாள். வரும் வழியில் ஆஸ்பத்திரியில் லைனின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். "நம்ம ஃபெர்ரியில வண்டிங்க எப்படி இறங்குது? ஒத்தை வழி. முன்னாடி நிக்கிற லாரி மக்கர் பண்ணினா பின்னாடி ஆம்புலன்ஸே இருந்தாலும் நிக்கணும். கோப்பும் அப்படித்தான் வருது. முதல்ல பேரு, வயசு. அப்புறம் எக்ஸ்ரே, ஸ்கேன் படங்க, அதுதான் லாரி. அதுக்குப் பின்னாடி, கடைசியில எச்சரிக்கை. தீவுக்கு வர்ற லைன் கடல் மேல கம்பியில்லாம காத்துல வருது. புயல் அடிச்சா துண்டு துண்டா உதிரும். படத்துல ஒரு துண்டு உதிர்ந்தாலும் அது திரும்ப வர்ற வரைக்கும் பின்னாடி இருக்கிற எல்லாம் நிக்கும்."

"அதுக்குத்தானே புது முறைன்னு போட்டாங்க?"

"ஆமா. புது முறையில ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வழி. லாரி நின்னாலும் ஆம்புலன்ஸ் இறங்கிடும். ஆனா உங்க ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரோட காவல் கதவு, ஃபயர்வால்ங்கிறாங்களே, அது அந்தப் புது முறையை உள்ளேயே விடலை. லைன் சத்தமில்லாம பழைய முறைக்குத் திரும்பிடுச்சு. யாருக்கும் தெரியலை."

"கருவி அரை வினாடின்னு சொல்லுச்சே?"

"முதல் வண்டி இறங்கினதும் அந்தக் கருவி கடிகாரத்தை நிறுத்திடும்மா" என்றான் பிரீத். "குழாயில முதல் சொட்டு விழுந்ததும் பக்கெட் ரொம்பிடுச்சுன்னு சொல்ற மாதிரி. டாக்டர் திரையில பேரு வந்துடுச்சு. எச்சரிக்கைப் பெட்டி காலி. 'இன்னும் வந்துக்கிட்டிருக்கு'ன்னுகூட ஒரு எழுத்து இல்லை. சும்மா காலி. பாக்குறவன் என்ன நினைப்பான்? ஒண்ணுமில்லைன்னுதான்."

"ராய்வோவுக்கு இது தெரியும்" என்றாள் ஹில்யா. "சோதனை நடந்த அன்னிக்கே தெரியும். அவன் தன்னோட கோப்பைத் திறந்து பாத்திருக்கணும். பெட்டி காலியா நின்னிருக்கு. ஆஸ்பத்திரிக்குச் சொல்லலை. அமைச்சகத்துக்குச் சொல்லலை. வீட்டுல இருக்கிற எல்லாருக்கும் தகடு அடிச்சான்."

தகடுகளைப் பற்றி முழுவதும் கேட்டு முடித்த மாய்மு கையிலிருந்த மீனைக் கம்பியில் அழுத்திக் குத்தினாள். அவள் முகத்தில் இருந்த வெறுப்பு அப்படியே இருந்தது. இடம் மட்டும் மாறியது.

"நாய்க்குமா?" என்றாள்.

"நாய்க்கும்."

"சரி" என்றாள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆட்டுக்கு மருந்து போடணும். நாளைக்கு விழாவுல பாப்போம்."

"நாளைக்கு நான் அவனை எல்லார் முன்னாடியும் தன் கோப்பைத் திறக்கச் சொல்வேன். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா உக்காந்து பாருங்க" என்றாள் ஹில்யா.

மாய்மு தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பிரீத் நம்பினான். பெண்கள் விஷயத்தில் அவன் நம்பிக்கை எப்போதும் அப்படித்தான், அநியாயத்துக்குத் தாராளம்.

காலையில் சமூகக் கூடம் நிரம்பியிருந்தது. வெளியே காற்று ஜன்னல்களை உலுக்கியது. காபி, கிரிங்கெல் ரொட்டி, கம்பு ரொட்டி மேல் சின்ன மீன்கள். அமைச்சகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். தீவின் ஒரே போலீஸ்காரர் ரொட்டித் தட்டுக்குக் காவல் நின்றார். கடைசி வரிசையில் ஆர்தோ தனியாக உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலி. வந்திருக்கவே வேண்டாம். ஹில்யா கெஞ்சிக் கூப்பிட்டிருந்தாள்.

மேடையில் பெரிய திரை. ஆஸ்பத்திரி லைனிலேயே இணைத்திருந்தார்கள், டாக்டர்கள் பார்க்கிற அதே பக்கம். ராய்வோ ஒரு கால்பந்து வீரனைக் கூப்பிட்டான். வாழ்நாளில் ஜலதோஷம்கூட வராத பயல். அவன் அடையாள அட்டையைச் செருகியதும் கோப்பு முழுசும் பட்டென்று வந்து விழுந்தது. கைதட்டல்.

"அரை வினாடி!" என்றான் ராய்வோ.

ஹில்யா எழுந்தாள். "அவர் கோப்புல என்ன இருக்கு, பல்லு பிடுங்கினதுதானே? கொஞ்சம் கனமான கோப்பா காட்டுங்க. உங்களோடதையே காட்டுங்களேன்."

"அது என் சொந்த விஷயம்."

"அஹ்தியோடதைப் பத்திப் பத்திரிகையில எல்லாம் பேசினீங்க."

கூடம் அவனைப் பார்த்தது. யாரும் முணுமுணுக்கவில்லை, கூச்சல் போடவில்லை. எஸ்தோனியர்கள் சும்மா பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு முன்னால் கூச்சல் எவ்வளவோ தேவலாம். அதிகாரியும் பார்த்தார். ராய்வோ தன் அட்டையைச் செருகினான்.

பெயர் வந்தது. வயது வந்தது. "பாத்தீங்களா? அரை வினாடி" என்றான். முழங்கால் ஸ்கேன் ஒன்று பாதி வந்து நின்றது. பனிச்சறுக்கில் உடைத்துக்கொண்ட கால். எச்சரிக்கைப் பெட்டி காலியாக இருந்தது. ராய்வோ அட்டையை உருவக் கையை நீட்டினான்.

அந்தக் கையை மாய்மு பிடித்தாள்.

அவள் எப்போது மேடை ஏறினாள் என்று பிரீத் பார்க்கவில்லை. வலை இழுத்துப் பழகிய கை. அவள் இன்னொரு கையில் ஆட்டுக்குப் போடுகிற பெரிய சிரிஞ்சு இருந்தது. உள்ளே பால் வெள்ளையாக மருந்து.

"மேடம், இது நம்ம திட்டத்துல இருந்துச்சா?" பிரீத் கிசுகிசுத்தான்.

"இல்லை" என்றாள் ஹில்யா. அவள் முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா பண்றீங்க! விடுங்க!" ராய்வோ கத்தினான்.

"பென்சிலின்" என்றாள் மாய்மு. ஊசி அவன் முழங்கைக்கு மேலே சட்டையைத் தொட்டது. "பெட்டி காலியா இருக்கு. பாரு. பேரு இருக்கு, வயசு இருக்கு, எச்சரிக்கை ஒண்ணுமில்லை. அப்போ உனக்கு ஒத்துக்கும். உன் திரைதானே சொல்லுது?"

போலீஸ்காரர் நகர்ந்தார். ஹில்யா மேடைப் படியில் கால் வைத்தாள். "யாரும் வராதீங்க" என்றாள் மாய்மு, தலையைத் திருப்பாமல். நின்றார்கள்.

"என்னைக் கேளு! என்கிட்ட ஒரு வார்த்தை கேளு!" என்று அலறினான் ராய்வோ.

"ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம்னு நீதானே ஊரெல்லாம் சொன்னே. என் புருஷனால பேச முடியலை. அவனை யாரும் கேக்கலை. உன் திரையைத்தான் கேட்டாங்க."

அவள் கட்டைவிரல் சிரிஞ்சின் பின்னால் ஏறியது. ராய்வோ இன்னொரு கையால் தன் சட்டையைக் கிழித்தான். பொத்தான்கள் மேடையில் உருண்டன. வெள்ளித் தகட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இதைப் பாரு! எனக்கு ஆகாது! செத்துடுவேன்! திரையை நம்பாதே, அது வராது, காத்தடிச்சா அது சீக்கிரத்துல வராது!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே கேட்டது. ஜன்னல்கள் மட்டும் ஆடின. அதிகாரி தன் காபிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எப்போ தெரியும்?" என்று கேட்டாள் ஹில்யா படியிலிருந்து. "இந்தத் தகட்டை வெல்லோ ஐயா அடிச்சப்போ கடல் உறைஞ்சிருந்துச்சு. அஹ்தி உயிரோட இருந்தாரு."

கூடத்தின் நடுவில் வெல்லோ எழுந்து நின்றார். "ஆமா" என்றார். உட்கார்ந்தார். அந்த மனிதரின் வாழ்நாளிலேயே பெரிய மேடைப் பேச்சு அதுதான்.

அப்போது திரையில் ஸ்கேன் படம் நகர்ந்தது. பாதி முழங்கால் முழு முழங்கால் ஆனது. அதற்குப் பின்னால் இன்னொரு படம், இன்னொன்று. எல்லாம் இறங்கி முடிந்த பிறகு, காலிப் பெட்டிக்குள் சிவப்பு எழுத்துகள் வந்தன. பென்சிலின். உயிருக்கு ஆபத்து.

மாய்மு அதைப் படித்தாள். நிதானமாக, இரண்டு தடவை.

"வந்துடுச்சு" என்றாள்.  "அஹ்திக்கும் இப்படித்தான் வந்திருக்கும்."

"வந்துச்சும்மா." கடைசி வரிசையிலிருந்து ஆர்தோ. அவன் எழுந்திருந்தான். "நான் ஊசியை வெளியே எடுத்தப்புறம் வந்துச்சு. சொன்னேன். எல்லார்கிட்டயும் சொன்னேன்."

மாய்மு அவனைப் பார்த்தாள். இந்தத் தடவை துப்பவில்லை. அவளால் அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கவும் முடியவில்லை. சிரிஞ்சை நீட்டி, உள்ளே இருந்த மருந்து முழுவதையும் ராய்வோவின் விலை உயர்ந்த காலணிகள் மேல் பீய்ச்சினாள். பிறகு அவன் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து ஒரே இழுப்பாக அறுத்தாள்.

"ஐயோ, அது வேணும்! அது இல்லாம நான் எங்கேயும் போக முடியாது!"

மாய்மு தகட்டைப் போலீஸ்காரர் கையில் வைத்தாள். "இது சாட்சியா?" என்றாள்.

போலீஸ்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார். கடல்நாயைப் பார்த்தார். அவர் அஹ்தியோடு ஒரே படகில் மீன் பிடித்தவர். "சாட்சிதான்" என்று சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். "வழக்கு முடியற வரைக்கும் திருப்பித் தர முடியாது. இந்த மாதிரி வழக்கு வருஷக்கணக்குல இழுக்கும்."

"அதுவரைக்கும் எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?" ராய்வோ கிழிந்த சட்டையைக் கையால் மூடிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "வழியில மயங்கி விழுந்தா யாருக்குத் தெரியும்?"

 பிரீத் மேடைப் பக்கம் வந்தான்.

"பயப்படாதீங்க சார்" என்றான். "டாக்டர் திரையைப் பாப்பாரு."